நமக்கெல்லாம் வராத நோய்

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து நாள். வழக்கம்போல் காலை ஏழு மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டேன். பீடத்துக்குப் பக்கத்து அறையில் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, திருவிருந்துக்கு வாங்கிய ரொட்டியின் உறையைப் பிரித்தேன். அந்த வாசனை வந்ததும் நீ வந்துவிட்டாய். ஒரு காலத்தில் நம் இரண்டு பேருக்கும் எச்சில் ஊறவைத்த வாசனை. போய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரங்களை வெட்டி ஒதுக்கினேன். நடுவில் இருப்பதை விரல் நக அளவுத் துண்டுகளாக வெட்டி, சபைக்கு அப்பமாகக் கொடுக்கும் தட்டில் அடுக்கினேன். இந்த வேலையை இருபது வருடத்துக்கு மேலாக நான்தான் செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும். நீ போன பிறகு வேண்டாம் என்று போதகர் ஐயரிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்களை மாதிரி பொறுப்பா யார் செய்வாங்க பிரதர்?" என்றார். என் பொறுப்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. கல்லறைக்கு வந்து நின்றால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். உன் மகளைப் பற்றித்தான். பியூலாவுக்கு ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அவள் கையை நீட்டமாட்டேன் என்கிறாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கட்டிப்பிடித்தா ஊசி போட முடியும்? உன்னிடம் முறையிடலாம் என்று உட்கார்ந்தால், முறையிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்ற இடத்திலேயே பேனா நின்றுவிடுகிறது.

சித்தூரில் நாம் வளர்ந்தபோது கோதுமையை எத்தனை தடவை கண்ணால் பார்த்திருப்போம்? காலையில் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைச் சட்னி. மத்தியானம் சோறு. ராத்திரி மிச்சச் சோறு. கோதுமை என்றால் கிறிஸ்துமஸ் கேக், பெரியவர்கள் மட்டும் எடுக்கும் திருவிருந்து அப்பம், அப்புறம் காய்ச்சல் ரொட்டி. யாராவது படுத்தால்தான் மெழுகுத்தாள் சுற்றிய ரொட்டி வீட்டுக்கு வரும். உனக்கு அதன்மேல் தீராத ஆசை. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மத்தியான வெயிலில் கால் மணி நேரம் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டு, "காய்ச்சல் அடிக்குது நைனா" என்று போய்ப் படுத்துக்கொண்டாய். உன் நைனா புறங்கையை வைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா? சிரிப்பை மறைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரொட்டி வாங்கப் போனார். சாயங்காலம் நான் வந்தபோது தலையணைக்கு அடியிலிருந்து இரண்டு துண்டு எடுத்துக் கொடுத்தாய். "பால்ல தொட்டுத் துன்னுடா, அப்பத்தான் நல்லா கீது" என்றாய்.

ரேணிகுண்டாவில் ரயில்வே ஷெட் வேலைக்குப் போன பிறகுதான் உன் தட்டில் கோதுமை நிரந்தரமாக ஏறியது. கேன்டீனில் காலையில் பூரி, வேலை முடிந்ததும் டீயோடு பன். நாற்பது வயது தாண்டியதும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார், ராத்திரிச் சோறும் போய் மூன்று சப்பாத்தி வந்தது. இன்றைக்கு நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இதுதானே நடக்கிறது? சோறு எதிரி, சப்பாத்தி மருந்து. தின்னத் தின்ன நீ இளைத்தாய்.

முதலில் வயிறு. சாப்பிட்ட அரை மணியில் ஓட்டம். அப்புறம் வாய்ப்புண். அப்புறம் ஷெட் படிக்கட்டில் ஏறினாலே மூச்சு வாங்கியது. பெல்ட்டில் ஆணியால் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டே போனாய். ரத்த அளவு ஏழு கிராமுக்கு இறங்கியது. இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஏழரையைத் தாண்டவில்லை. திருப்பதியில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு நீ வருவாய், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே "இன்னாடா, இன்னைக்கு எவ்ளோ உறிஞ்சப் போற?" என்பாய். புழு பார்த்தேன், டிபி பார்த்தேன், தைராய்டு பார்த்தேன். ஒருமுறை உன்னைக் கேட்காமலேயே எச்ஐவியும் பார்த்தேன். நட்பு என்று நினைத்துத்தான் செய்தேன், ஆனால் அது தப்பு, அதையும் இப்போது சொல்லிவிடுகிறேன். எல்லாம் சுத்தமாக வந்தது. ஒவ்வொரு முறையும் மனசு நிறைந்து ஒரு பாக்கெட் ரொட்டியும் ஒரு பாக்கெட் ரஸ்கும் வாங்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வருவேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம்மை வளர்த்திருந்தார்கள். நீ வேண்டாம் என்று தலையாட்டினால் விடமாட்டேன். பாலில் தொட்டு நானே நீட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா? ஒன்பது வருடம் ஆகிறது. உன் ஷெட்டில் வெல்டிங் வேலைக்கு வந்திருந்த ராஜஸ்தான்காரர் உன்னைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். அவர் நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, என் கையில் இருந்த ரொட்டிப் பாக்கெட்டைக் காட்டி, உடைந்த தெலுங்கில், "கோதும வத்து, அன்னா. கோதும வத்து" என்றார். கோதுமை வேண்டவே வேண்டாமாம். அவருடைய அக்கா மகனுக்கு இதே வயிறு, இதே வெளிறல், எந்த டானிக்கும் பிடிக்காமல் கிடந்தானாம். டாக்டர் கோதுமையை நிறுத்தச் சொன்னாராம். நாலு மாதத்தில் பையன் ஓடியாட ஆரம்பித்துவிட்டானாம். தன் ஊர்ப் பக்கத்தில் இந்த நோயைக் கேள்விப்படாத வீடே கிடையாது என்றார். பேசப் பேச அவர் குரல் கெஞ்சுவதுபோல ஆகிவிட்டது.

நீ அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். "இன்னாடா சொல்ற?" என்று கேட்டாய்.

எனக்கு அந்த நோயின் பெயர் தெரியும். அதுதான் கொடுமை. சீலியாக். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் லேப் ஆட்களுக்கு ஒரு ஓட்டலில் வகுப்பு நடந்தது. மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டுக் கூட்டமாகப் போயிருந்தோம். திரையில் ஒரு இந்தியப் படம் போட்டார்கள். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் பக்கமெல்லாம் அடர் சிவப்பு. கீழே வரவர நிறம் வெளுத்து, நம் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளை. கோதுமை தின்னும் வடக்கே ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவர், அரிசி தின்னும் தெற்கே ஆயிரம் பேருக்கு ஒருவர் என்றார் பேசியவர். நான் அந்த வெள்ளையை மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

"அது வடக்கத்திக்காரங்களுக்கு வர்ற நோய்டா" என்றேன் உன்னிடம். "நமக்கெல்லாம் வராது. ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான். எங்க லேப்ல இத்தினி வருஷத்துல ஒரு டாக்டரு கூட அந்த டெஸ்ட்டு கேட்டதில்ல."

ராஜஸ்தான்காரருக்குத் தமிழ் புரியவில்லை, முகம் புரிந்தது. டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்த பியூலா அப்போது பத்தாம் வகுப்பு. அவர் போனதும் நீ அவளைப் பார்த்துக் கண்ணடித்து, "உங்க மாமா தீர்ப்பு சொல்லிட்டாரும்மா, இனி அப்பீலே கிடையாது" என்றாய். நான் வாங்கிவந்த ரொட்டியைப் பாலில் தொட்டுத் தின்றாய். அந்தப் பிள்ளை சிரித்தது. நானும் பெருமையாகச் சிரித்தேன்.

இப்படி ஆறு வருடம் போனது. பிறகு ஒருநாள் பஸ் படியிலிருந்து இறங்கும்போது உன் கால் எலும்பு முறிந்தது. யாரும் தள்ளவில்லை, நீ தடுக்கி விழவும் இல்லை, வெறுமனே இறங்கினாய். ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டரம்மா எலும்பை விட்டுவிட்டு உன் நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பற்றி விசாரித்தார். அவர் படித்தது டெல்லியில். அங்கே தினமும் பார்த்த முகத்தை இங்கேயும் அடையாளம் கண்டுகொண்டார். அவர் எழுதிக் கொடுத்த டெஸ்ட் எங்கள் லேபில் கிடையாது. சென்னைக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. எண் இருக்க வேண்டிய இடத்தில், எந்திரத்தின் அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் இருந்தது. குழாயை விட்டுக் குடலிலிருந்து சதை எடுத்துப் பார்த்தும் உறுதி செய்தார்கள்.

அந்தத் தாளை நானே எடுத்துக்கொண்டு வந்தேன். உன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். நீ என்னைத் திட்டியிருக்கலாம். பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை என்மேல் எறிந்திருக்கலாம். நீ சிரித்தாய். "டேய், ஆயிரத்துல ஒருத்தன்னு சொன்ன இல்ல? அந்த ஒருத்தன் உன் பக்கத்துலயே குந்திக்கினு ரொட்டி துன்னுக்கினு கீறான்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாய். உன் மனைவி, என்னை அண்ணா என்று கூப்பிடும் தங்கச்சி, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு என்னோடு பேசவில்லை, அதுதான் சரி என்று தோன்றியது.

அப்புறம் ஒரு நாலு மாதம். சோறு, களி, இட்லி. கோதுமை வாசலைத் தாண்டவில்லை. வயிறு அடங்கியது. நாலு கிலோ ஏறினாய். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊசி இல்லை, மருந்து இல்லை, நான் வாங்கி வந்த ரொட்டியை நிறுத்தியது மட்டும்தான். ராஜஸ்தான்காரரைத் தேடிக்கொண்டு ரேணிகுண்டா ஷெட்டுக்குப் போனேன், காலில் விழலாம் என்றுதான். கான்ட்ராக்ட் முடிந்து அவர் ஊருக்குப் போய் நாலு வருடம் ஆகிவிட்டது என்றார்கள். முகவரி யாரிடமும் இல்லை.

அந்த மாதங்களில் திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது நீ அப்பத்தை எடுக்காமல் தலையசைத்தாய், திராட்சரசப் பாத்திரத்தை மட்டும் வாங்கிக் குடித்தாய். நம் ஜனங்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. அப்பத்தைத் தள்ளுகிறவன் மனசில் ஏதோ மறைந்த பாவம் இருக்கிறது என்பது நம் கோயிலில் எழுதாத சட்டம். "இன்னா பாவமோ, யாரு கண்டா?" என்று பெண்கள் பக்கத்தில் பேச்சு கிளம்பியது. ஐயரம்மா ஜெபம் பண்ணுகிறேன் என்று உன் வீட்டுக்கே வந்துவிட்டார். நீ அவரிடம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, "ஆமாம்மா, சின்ன வயசுல ரொட்டிக்கு ஆசப்பட்டு நைனாகிட்ட காய்ச்சல்னு பொய் சொன்னேன்" என்றாய். நாமெல்லாம் சிரித்தோம். பியூலா சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அப்பாவை ஊரே பாவி என்று பேசியது பொறுக்கவில்லை. அதை நான் அன்று சின்ன விஷயமாக நினைத்தேன்.

ஐந்தாம் மாதம் வாந்தி வந்தது. குடலில் புற்றுநோய்க் கட்டி. வருடக்கணக்கில் புண்பட்ட குடலில் அபூர்வமாக இப்படியும் வரும் என்றார் டாக்டரம்மா. "கொஞ்சம் முன்னாலேயே தெரிஞ்சிருந்தா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். மிச்சத்தை நான் தினமும் எனக்குள் சொல்லி முடித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த கிறிஸ்துமஸை நீ பார்க்கவில்லை.

சித்தூரில் உன்னை அடக்கம் செய்த அன்று வந்தவர்கள் எல்லாம் என்னைத்தான் கேட்டார்கள். லேப்காரன் அல்லவா? "ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற நோய்மா, நம்ம கையில இன்னா கீது?" என்று எல்லோருக்கும் சொன்னேன். அவர்களைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். பியூலா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

நீ போன பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன், செத்தவன் வாயில் பால் ஊற்றுவதுபோல. உலகம் முழுக்க இந்த நோய் இருக்கிறது. ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர் என்கிறார்கள். சகாராப் பாலைவனத்து மக்களிடம் எங்கும் இல்லாத அளவுக்கு அதிகமாம். ஜப்பானில் மிகவும் குறைவாம். நம் தெற்கே குறைவு என்பதும் நிஜம்தான், அந்த வகுப்பில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஆயிரத்துக்கு ஒருவர் என்றாலும், சில லட்சம் ஜனம் வாழும் இந்தத் திருப்பதியில் சில நூறு பேர் இருக்க வேண்டுமே, அவர்கள் எங்கே? எங்கள் லேபின் பதிவேட்டில் உன்னைத் தவிர ஒருவர்கூட இல்லை. கேட்கவில்லை, அதனால் எடுக்கவில்லை, எடுக்கவில்லை, அதனால் இல்லை. இரும்பு மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்தி தின்றுகொண்டிருப்பார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் யாராவது ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கிக்கொண்டு போவார்கள்.

படித்ததில் இன்னொரு எண்ணும் இருந்தது. அது வடக்கையும் தெற்கையும் பார்ப்பதில்லை. நோய் உள்ளவரின் பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் என்று பார்த்தால் ஏறக்குறைய பத்துக்கு ஒருவர். உன் மகளுக்கு முடி கொட்டுகிறது என்று தங்கச்சி சொல்லியிருந்தது. வாய்ப்புண் அடிக்கடி வருகிறது. கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உன் கண்ணைப் பார்ப்பதுபோல வெளுத்திருக்கிறது.

ரத்தம் பிடிக்கும், மஞ்சள் மூடி போட்ட குழாய் ஒன்றை எடுத்து, அவள் பெயரை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போய்விட்டேன். போன மாதம் போனபோது தங்கச்சி என்னை வாசலிலேயே நிறுத்தியது. "அண்ணா, ராணிப்பேட்டைப் பக்கம் சம்பந்தம் பேசிக்கினு கீறோம். இந்த நேரத்துல ரத்தம், டெஸ்ட்டுன்னு நீ வந்து நின்னா அவங்க காதுக்குப் போவாதா? ஒரு சாவு போதும்ணா இந்த வூட்டுக்கு."

பியூலா உள்ளேயிருந்து வந்தாள். பொறுமையாகத்தான் பேசினாள், உன் மகள் அல்லவா?

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. எல்லாப் பொண்ணுங்களுக்கும் ரத்தம் கம்மிதான்."

"ஒரு குழாய் ரத்தம்மா. அவ்ளோதான். இல்லன்னா நிம்மதியா போயிடுவேன்."

"இருக்குதுன்னு வந்தா? அவங்க வூட்டுக் கோயில்ல மொத ஞாயித்துக்கெழமையே நான் அப்பம் வாணாம்னு சொல்லணும். புதுப் பொண்ணு அப்பத்தத் தள்ளிட்டா, இன்னா பாவம் பண்ணிட்டு வந்தாளோன்னு கேக்கமாட்டாங்களா? நைனாவ கேட்டாங்க இல்ல?" பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆயிரத்துல ஒருத்தருக்குத் தானே மாமா? நீங்க தானே சொன்னீங்க. எங்க வூட்ல அந்த ஒருத்தரு போயிட்டாரு."

நான் படபடவென்று பேசினேன். அது அப்படி இல்லை, பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு, பத்துக்கு ஒருவர் என்று காகிதத்தில் போட்டுக்கூடக் காட்டினேன். அவளை மிரட்டுவதற்காக நான் ஒரு எண்ணைச் சொல்கிறேன் என்பதுபோலப் பார்த்தாள். எப்படி நம்புவாள்? அவள் வாசற்படியில் டீத் தட்டோடு நின்று ஒரு எண்ணைக் கேட்டாள், அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதே எண்ணைக் கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னது நான்தான்.

இன்று காலை மாப்பிள்ளை வீட்டார் ஆராதனைக்கு வந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் உன் மகள், நீல நிறப் பட்டுச் சேலை. முகத்தில் பவுடர் போட்டு வெளிறலை மறைத்திருந்தாள். திருவிருந்து நேரத்தில் ஐயருக்குப் பக்கத்தில் அப்பத் தட்டைப் பிடித்துக்கொண்டு போவதும் என் வேலைதான். முழங்காலிட்டவர்கள் முன்னால் ஒவ்வொருவராக நகர்ந்துவந்தோம். அவள் முன்னால் வந்து நின்றதும் அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஐயர் அப்பத்தை எடுக்கத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். தட்டை ஒரு சாண் பின்னால் இழுத்திருக்கலாம். தும்முவதுபோலக் கீழே போட்டிருக்கலாம். பின்னால் சம்பந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கண் என்னைக் கெஞ்சியது. நான் தட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் நான் வெட்டிய துண்டு ஒன்றை ஐயர் எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, எனக்கு மட்டும் தெரியும்படி இலேசாகச் சிரித்தாள். உன் சிரிப்பு.

உனக்குப் பாலில் தொட்டு நீட்டிய அதே கைதான்.

வீட்டுக்கு வந்தும் சட்டையைக் கழற்றவில்லை. பையில் குழாய் அப்படியே இருக்கிறது. இந்தக் குழாய்களுக்கும் காலாவதித் தேதி உண்டு, தேதி தாண்டிவிட்டால் உள்ளே வெற்றிடம் குறைந்து ரத்தத்தை இழுக்காது. இது மூன்றாவது குழாய். ஒவ்வொன்றிலும் நானே பேனாவால் பியூலா என்று எழுதுகிறேன், பக்கத்தில் உன் பெயரையும் எழுதுகிறேன். இதற்கும் அடுத்த மாதத்தோடு தேதி முடிகிறது.